அந்த இடத்தில் சத்தம் கிடையாது

போன தை மாதம், திருவாரூர் பக்கம் ஒரு கிராமத்துக் கல்யாண வீட்டில் நடந்தது இது. அந்த வட்டாரத்தில் மைக் செட் என்றால் நான்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன்; வாடகை சைக்கிளில் ஒற்றைக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு கிளம்பி, இன்று லாரி நிறைய ஸ்பீக்கர் பாக்ஸ் வைத்திருக்கிறேன். இரைச்சலைக் கேட்டே எந்த ஒயரில் கோளாறு என்று சொல்லிவிடுவேன். சந்தேகமிருந்தால் ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

முதல் நாள் பெய்த மழையில் பந்தலடி சொதசொதவென்று கிடந்தது. விருந்தாளிகள் வருவதற்கு முன் கல்யாணப் பெண் செல்போனோடு வந்தாள்.

"தாத்தா, இதைக் கொஞ்சம் பெருசா போடுங்க. எங்க அப்பா தினம் கேப்பாரு."

அப்பா வெளிநாட்டில் வேலை பார்த்தவர், இப்போது உயிரோடு இல்லை. வெள்ளைக்காரர்கள் மேடையில் வாசித்ததை அப்படியே பதிவு செய்த பழைய ஆல்பமாம். ராக் என்றாள், ஜாஸும் கலந்தது என்றாள்.

போட்டேன். திடீரென்று ஒரு கிறீச்சல். எங்கேயோ மைக் கூவுகிறது என்று பாய்ந்துபோய் வால்யூமைக் குறைத்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஐயோ தாத்தா, அது கிடாரு!"

வாழைமரம் கட்டிக்கொண்டிருந்த அவள் சித்தப்பா, "என்ன பெரியவரே, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றப்பவாச்சும் காதை மாட்டிக்கிட்டு வாங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

மறுபடி போட்டேன். இந்த முறை கேட்கவே ஆரம்பித்துவிட்டேன். டிரம்ஸ் ஒரு பக்கம் ஓடுகிறது, கிடார் ஒரு பக்கம், சாக்ஸபோன் எங்கேயோ தன்பாட்டுக்குப் போகிறது. தொலைந்தார்கள் என்று நினைத்தேன். ஆனால் தவில்காரரும் நாயனக்காரரும் கண்ணால் பேசிக்கொண்டு ஒரே அடியில் வந்து விழுவார்களே, அப்படி வந்து விழுந்தார்கள். பாட்டுக்குள்ளே கூட்டம் கத்தியது. என் கை தன்னால் தொடையைத் தட்டியது.

பிறகு எல்லாம் அடங்கியது. அந்த அமைதிக்குள் மெல்லிசாக ஒரு கிர்ர். ஈரத்தில் கரண்ட் கசிந்தால் இப்படித்தான் இரையும்.

மெயின் சுவிட்சுக்குப் போன கை பாதியில் நின்றது. இதுவும் அவர்கள் வாசிப்பதுதானோ? மறுபடி சிரிப்பார்களே! அதற்குள் சித்தப்பா அடுத்த மரத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வெறுங்காலோடு, பந்தலின் இரும்புக் காலை நோக்கி நடந்தார். கிர்ர் விட்டுவிட்டு வந்தது.

"பாப்பா, இது பாட்டுல இருக்கா?"

அவள் சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இல்ல தாத்தா. இந்த இடத்துல சத்தமே கிடையாது. யாரோ ஒருத்தர் இருமுவாரு, அவ்வளவுதான்."

சுவிட்சைத் தட்டி அணைத்தேன். "தம்பி, தொடாதீங்க!" என்று கத்தி முடிப்பதற்குள் அவர் கை இரும்பைப் பிடித்துவிட்டது. நல்லவேளை, கரண்ட் போயிருந்தது.

"மறுபடியுமா? இப்ப எந்த கிடாரு?" என்றார்.

காலடிச் சேற்றை விலக்கிக் காட்டினேன். அந்த இரும்புக் கால் என் ஒயர் மேல் இறங்கி, ஒயரின் தோல் கிழிந்து, செம்புக் கம்பி தண்ணீரில் கிடந்தது. அவர் வாழைமரத்தைக் கீழே போட்டுவிட்டு அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணப் பெண் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். வெகுநேரம் விடவில்லை.

இன்றைக்கும் இந்த வட்டாரத்தில் என் காதுக்கு நிகர் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் யாராவது ஆசையாக ஒரு பாட்டைக் கொண்டுவந்து போடச் சொன்னால், அவர்களை ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்துக்கொள்கிறேன். என் காது தடுமாறும் இடத்தில் அவர்களுடைய பிரியம் தடுமாறாது என்று அன்று கண்ணால் பார்த்துவிட்டேன்.