இருபத்திரண்டாம் ஜாயிண்ட்

துவாக்குடித் தொழிற்பேட்டையில் பாய்லர் குழாய்களை வெல்டிங் செய்து அனுப்பும் ஒரு தொழிற்சாலையில் ரோசரி பதினேழு வருடமாக வேலை பார்க்கிறாள். அங்கே அவளுக்கு இருந்த பெயர் லேசுப்பட்டதல்ல. குழாயும் குழாயும் சேரும் ஒவ்வொரு ஜாயிண்டையும் எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்த ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் வைத்துப் பார்த்து, 'சரி' அல்லது 'ரிப்பேர்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. டிப்ளமா முடித்து முதல் நாள் உள்ளே நுழைந்தபோது, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்று கேட்ட ஃபோர்மேன், ரிட்டயர் ஆகிப் போகிற அன்று, "ரோசரியம்மா எழுதினா எழுதினதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குப் பின் வந்தவர்களும் அதையே சொன்னார்கள்.

ஃபிலிம் அறைக்குள் போனதும் சிலுவை போட்டுக்கொள்வாள். பிறகு ஃபிலிமில் இருக்கும் ஜாயிண்ட் எண்ணை வாய்விட்டுச் சொல்வாள், பார்ப்பாள், எழுதுவாள். எழுதி முடித்ததும் எண்ணை மறுபடி ஒரு முறை வாய்விட்டுச் சொல்லி, சரியான வரியில்தான் எழுதியிருக்கிறோமா என்று பார்த்துக்கொள்வாள். கதவுக்கு வெளியே நிற்பவர்களுக்கு அந்த முணுமுணுப்பு ஜெபமாகக் கேட்டது. அவளும் அதைத் திருத்தப் போகவில்லை. பக்தியோடு வேலை செய்கிறவள் என்று பெயர் வாங்க யாருக்குத்தான் கசக்கும்?

குடியிருப்பு ஸ்ரீரங்கத்தில். கணவர் பிலோமின்ராஜுக்கு அங்கே ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்ட்டர் வேலை. தவக்காலம் வந்தால் வெள்ளிக்கிழமைதோறும் ரோசரி ஒருசந்தி இருப்பாள். ஒரு வேளைச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்ளும் அந்த விரதத்தைத் திருச்சபை கட்டாயமாகக் கேட்பது இரண்டே நாள்தான். அவள் எல்லா வெள்ளியும் இருப்பாள், அதிலும் சாயங்காலம் வீடு திரும்பும்வரை தண்ணீர்கூடத் தொடமாட்டாள். வீட்டுக்கார மாமி ரங்கநாயகி மோவாயில் கை வைத்துக்கொள்வாள்.

"நாங்களே ஏகாதசிக்குப் பலகாரம் பண்ணிண்டுதான் இருக்கோம். நீ பச்சத் தண்ணி இல்லாம எப்படிடி ரெண்டு பஸ் மாறிப் போறே?"

"பழகிடுச்சு மாமி" என்பாள் ரோசரி. ஏகாதசிக்குப் பேர்போன ஊரில் இப்படி ஒரு பாராட்டு வாங்கியதில் அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். விரதம் இருந்ததில் பசி எவ்வளவோ, அந்தப் பெருமையும் அவ்வளவு.

அந்த வருடம் தவக்காலமும் ரம்ஜானும் ஒன்றாகவே வந்தன. இரண்டாம் வெள்ளி மதியம் இரண்டு மணிக்கு குழாய்களை வரிசையாகச் சேர்த்துச் செய்த ஒரு பேனலின் ஃபிலிம்கள் வந்து சேர்ந்தன, மொத்தம் நாற்பது ஜாயிண்ட். அறைக்குள் வெளிச்சப் பெட்டியின் சூடு, வெளியே மாசி வெயில். தொண்டை காய்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டது. எண்ணை ஒரு முறை சொல்வதே பாடாக இருந்ததால், இரண்டாம் முறை சொல்வதை அன்று மட்டும் விட்டுவிட்டாள். நாற்பதையும் பார்த்து முடித்தாள். ஒன்றே ஒன்றில் குழாயின் அடிவரை உருகாமல் போன இடம் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. இருபத்திரண்டாம் ஜாயிண்டுக்கு நேராக 'ரிப்பேர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

இருபத்திரண்டு மருதையின் வெல்டிங். ஒவ்வொரு வெல்டருக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைப் பொறித்த ஸ்டாம்பைத் தன் ஜாயிண்டுக்குப் பக்கத்தில் அடித்துவிட்டுத்தான் அவர் நகர வேண்டும். ஒரே மாதத்தில் மூன்று ரிப்பேர் வந்தால் ஸ்டாம்பை வாங்கி வைத்துவிடுவார்கள், மறுபடி டெஸ்டில் தேறும்வரை வெல்டிங் கிடையாது என்பது அந்தத் தொழிற்சாலையின் சட்டம். மருதைக்கு அந்த மாதம் ஏற்கெனவே சின்னதாக இரண்டு வந்திருந்தன. இது மூன்றாவது. திங்கட்கிழமை காலை ஸ்டாம்பை ஒப்படைத்துவிட்டு, கிரைண்டிங் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு ஓரமாகப் போய் நின்றார். பதினான்கு வருடம் வெல்டிங் டார்ச் பிடித்த கை அது.

ரிப்பேருக்காக ஜாயிண்டைக் குடைந்தவர், "முழுசாக் குடைஞ்சுட்டேன் சார், உள்ள ஒண்ணையும் காணோமே" என்று தலையைச் சொறிந்தாராம். "ரோசரியம்மா எழுதியிருக்காங்க. குடைஞ்சப்பவே போயிருக்கும். மறுபடி வெல்ட் பண்ணி மூடுங்க" என்று ஃபோர்மேன் சொல்லிவிட்டாராம். இதெல்லாம் அவள் காதுக்குப் பிறகுதான் வந்தது.

அடுத்த வியாழக்கிழமை, வாடிக்கையாளர் தரப்பு ஆய்வாளர் வருகிறார் என்று ஃபிலிம்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். சும்மா ஒரு தடவை பார்ப்போம் என்று இருபத்திரண்டின் பழைய ஃபிலிமை வெளிச்சத்தில் வைத்தவள், எண்ணை இரண்டு முறை வாய்விட்டுச் சொன்னாள். ஃபிலிம் துடைத்துவிட்டது மாதிரி சுத்தமாக இருந்தது. கறுப்புக் கோடு இருந்தது இருபத்து மூன்றில். அது வேறொரு வெல்டருடையது, அவள் கையெழுத்தோடு 'சரி' என்று தேறிப் பேனலிலேயே உட்கார்ந்திருக்கிறது. பேனல் சனிக்கிழமை லாரி ஏற வேண்டும். எங்கோ ஒரு பாய்லரில் அந்தக் குழாய் வாயைப் பிளந்தால் பக்கத்தில் நிற்பவன் கதி என்ன?

அப்போது அவள் செய்ததை அப்படியே சொல்லிவிட வேண்டும். எக்ஸ்ரே எடுக்கும் ஜெஸ்வினைக் கூப்பிட்டு, "இருபத்து மூணு ஃபிலிம் மங்கலா இருக்குப்பா, இன்னொரு தடவை எடுத்துடு" என்றாள். எடுத்தார்கள். கோடு அப்படியே வந்தது. 'ரிப்பேர்' என்று எழுதினாள். அந்த வெல்டருக்கு அது முதல் ரிப்பேர், அவர் தோளைக் குலுக்கிவிட்டுச் சரி செய்தார். பேனல் பத்திரமாக லாரி ஏறியது. பாய்லருக்கும் ஆபத்தில்லை, அவள் பெயருக்கும் ஆபத்தில்லை. மருதை மட்டும் கிரைண்டிங் மெஷினோடு நின்றார்.

கணவரிடம் சொன்னாள். பிலோமின்ராஜ் நல்ல மனிதர், ஆனால் மனைவி முகம் வாடினால் தாங்கமாட்டார். "ஜாயிண்ட்தான் சரியாயிடுச்சுல்ல? யாருக்கும் ஒண்ணும் ஆகலல்ல? அந்த ஆளு ரெண்டு மாசத்துல டெஸ்ட் எழுதி ஸ்டாம்ப வாங்கிடுவாரு. விடு" என்றார். அவளும் விடத்தான் பார்த்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் பங்குக் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிட்டாள். "வேலையில கொஞ்சம் கவனக்குறைவா இருந்துட்டேன் சாமி" என்றாள். கொஞ்சமாம்! பின்னால் வரிசையில் இருபது பேர் காத்திருந்தார்கள். சாமியார் அபராதமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொல்லிப் பாவமன்னிப்பு கொடுத்தார். மூன்றையும் சொல்லிவிட்டு எழுந்தபோது, பெரிய நோயை மறைத்துத் தலைவலி என்று சொல்லி மாத்திரை வாங்கி வந்தவளைப் போல அவளுக்கு வெட்கமாக இருந்தது. சாமியாரைக் குற்றம் சொல்ல வழியே இல்லை. அவள் சொன்ன அளவுக்கு அவர் கொடுத்தார்.

இதெல்லாம் போதாதென்று ஒருநாள் கேன்டீனில் பின் மேஜையில் பேச்சுக் கேட்டது. "மருதை மறுபடி தண்ணி போட ஆரம்பிச்சுட்டான் போலடா. கை நடுங்காம எப்படி மூணு ரிப்பேர் வரும்?" மருதை ஒரு காலத்தில் குடித்தவர்தான். விட்டு ஆறு வருடம் ஆகிறது. ரோசரிக்குக் கையில் எடுத்த தயிர்சாதம் வாய்க்குப் போகவில்லை. அதற்கு மேலும் இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். பயம்தான், வேறென்ன? பதினேழு வருடம் சேர்த்த பெயர் ஒரே வாக்கியத்தில் போய்விடுமே என்ற பயம்.

மருதையின் ஸ்டாம்ப் போன மூன்றாம் வாரம், வியாழக்கிழமை மதியம், இரண்டு ஃபிலிமையும் பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு தர மேலாளர் அப்துல் அஹத் அறைக்குப் போனாள். அவர் நோன்பில் இருந்தார். கதவைச் சாத்திவிட்டு, ஒன்றும் விடாமல் சொன்னாள், மங்கல் ஃபிலிம் என்று ஜெஸ்வினிடம் சொன்ன பொய் உட்பட.

அவர் இரண்டு ஃபிலிமையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அன்னைக்கு எப்படி வரி மாறிச்சு? நீங்க நம்பரை வாய்விட்டுச் சொல்வீங்களே?"

"தொண்டை காஞ்சிருந்துச்சு சார். ஒருசந்தி. தண்ணி குடிக்கல."

அவருக்குக் கோபம் வந்தது. "நானும் இந்த மாசம் முழுக்க நோம்புதான் மேடம். ஆனா முக்கியமான ரிப்போர்ட்டெல்லாம் காலைல பத்து மணிக்குள்ள முடிச்சுடறேன். மதியத்துக்கு மேல எதுலயும் கையெழுத்துப் போடறதில்ல. என் நோம்பு எனக்கும் அல்லாவுக்கும். வெல்டர் ஏன் அதுக்கு நஷ்டப்படணும்? முடியலன்னா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஃபிலிமை மறுநாளைக்கு வச்சிருக்க மாட்டேனா?"

கடவுளுக்காகப் பட்டினி கிடந்தேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அந்த வெள்ளிக்கிழமை கடவுள் தன்னிடம் கேட்டிருக்கக்கூடியது ஒரு டம்ளர் தண்ணீரும் ஒழுங்கான ரிப்போர்ட்டும்தான் என்பது, நாற்பது வயதில், அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு உறைத்தது.

அப்துல் அஹத் செய்ய வேண்டியதைச் செய்தார். வாடிக்கையாளருக்கு நடந்ததை எழுதினார். ஆறு மாதத்துக்கு ரோசரி எழுதும் எந்த ரிப்போர்ட்டும் கலைமதி பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் செல்லும் என்று உத்தரவு போட்டார். கலைமதி வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம்தான் ஆகிறது. மறுநாள் காலை ஷிப்ட் தொடங்கும்போது எல்லாரும் கூடும் பாதுகாப்புப் பேச்சில், ரோசரியே முன்னால் வந்து நின்று சொன்னாள்: "இருபத்திரண்டாம் ஜாயிண்ட் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் தப்பா எழுதினேன். மருதை மேல எந்தத் தப்பும் இல்ல." மருதைக்கு ஸ்டாம்ப் அப்போதே திரும்பி வந்தது.

கூட்டம் கலைந்ததும் அவரிடம் போனாள். "என்னை மன்னிச்சுடுங்க மருதை."

அவர் ஸ்டாம்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "குடையும்போது நானும் பக்கத்துலதாம்மா நின்னேன். உள்ள ஒண்ணும் இல்லன்னு கண்ணால பாத்தேன். ஆனா எழுதினது நீங்களாச்சே. நீங்க எழுதினா தப்பா இருக்காதேன்னு என் கை மேலயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கி, "இங்க சொன்னது சரிம்மா. இதையே எங்க வீட்டுல ஒரு தடவை வந்து சொல்றீங்களா? நான் சொன்னா எடுபடாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், பிலோமின்ராஜை அழைக்காமல், தனியாக உறையூருக்கு டவுன் பஸ் ஏறினாள். மருதையின் மனைவி மலர்க்கொடி வாசல் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். "வாங்க மேடம், உள்ள வாங்க" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மருதை கதவோரம் நின்றார். ரோசரி உட்காரவில்லை.

"உங்க வீட்டுக்காரரு ஸ்டாம்ப் போனது என்னாலதாங்க. அவரு வேலையில எந்தக் குறையும் இல்ல. நான் ஃபிலிம் பாத்து மாத்தி எழுதிட்டேன். அவரு குடிச்சுட்டு வந்தாருன்னு யாராவது சொல்லியிருந்தா அது சுத்தப் பொய்."

மலர்க்கொடி கேட்டுக்கொண்டே நின்றாள். குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது, யாரும் அதை நிறுத்தப் போகவில்லை. அவள் பார்வை ரோசரியைத் தாண்டிப் புருஷனிடம் போயிற்று.

"மூணு வாரமா" என்றாள், "தெனம் இவரு வாயை மோந்து பாத்துட்டுத்தாம்மா சோறு போட்டேன்."

மருதை கீழே பார்த்தார். "இவரு ஒரு நாளும் வேணாம்னு சொல்லலம்மா" என்று மலர்க்கொடி அழத் தொடங்கினாள். "சொன்னபடி வாயைத் தொறந்து காட்டினாரு."