தனியாக உட்கார வந்த மலை

இல்லை தோழிகளே, தேடி வந்த தனிமை கிடைக்கவில்லை. அதற்காகத்தான் இன்று ஜவ்வாது மலைக்கு வந்தேன்.

பாறையில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்ததும், ஓர் அம்மா புளிக் கூடையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னாம்மா, வூட்ல சண்டையா?"

"இல்லைங்க, சும்மா வந்தேன்."

"சும்மா யாரு மலையேறி வருவா? கடைசி பஸ்ல உன்ன ஏத்திட்டுதான் நான் வூட்டுக்குப் போவேன்."

வீட்டைவிட்டு ஓடிவந்தவள் என்றே முடிவு செய்துவிட்டார்.

"நான் படிக்கணுங்க."

"படியேன். நான் இன்னா உன் கண்ணையா மூடினேன்?"

இரண்டு பக்கம் படித்திருப்பேன்.

"கண்ணுல தண்ணி இல்ல. அப்ப சண்ட புருசனோட இல்ல, மாமியாரோடதான்."

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. அதைச் சொன்னால் மாப்பிள்ளை பார்த்துவிடுவார் என்று தோன்றியது.

தோழிகளே, தனியாக உட்கார உங்களுக்கு ஏதாவது இடம் தெரியுமா?

நான் புத்தகத்தை மூடிவிட்டு, பஸ் வரும்வரை அவரோடு உட்கார்ந்து கூடைப் புளியில் கொட்டை எடுத்தேன்.