பலகையில் கேட்ட பாட்டு

சிலிபின் வட்டாரத்தில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் பேண்டு பயிற்சி. பல வருஷங்களுக்குப் பிறகு பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டி, தடித்த கம்பியை ஒருமுறை சுண்டினேன். சத்தத்துக்கு முன்பே பலகைத் தரையின் அதிர்வுதான் என் வெறுங்காலில் ஏறியது.

அம்மா தோட்டத்து ரப்பர் ஃபேக்டரியில் ரோலர் மெஷின் பக்கத்திலேயே வேலை செய்தவர். நான் பள்ளிக்கூடம் போகுமுன்பே அவருக்குக் காது போய்விட்டது. வீட்டில் எல்லாரும் கத்தித்தான் பேசுவோம்.

கோயில் திருவிழாவில் எங்கள் தோட்டத்துப் பையன்கள் பேண்டு வாசித்தால், சனங்கள் பாடுகிற அண்ணனைத்தான் பார்ப்பார்கள். மூலையில் பேஸோடு நிற்கும் என்னை யாரும் கண்டுகொள்வதில்லை. அம்மா மட்டும் கடலைப் பொட்டலத்தோடு மேடை ஓரம் வந்து, பலகைமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார்.

"நீ வாசிக்கிறதுதான்டா எனக்குக் கேக்குது!"

பாட்டுக்கு நடுவே, ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வார். பாடுகிற அண்ணன் முறைப்பார்.

அம்மா போன பிறகு நான் கிட்டாரை உறையைவிட்டு எடுக்கவே இல்லை.

"அண்ணே, சத்தத்தக் கொஞ்சம் கொறைங்க லா," என்றான் டிரம்ஸ் வாசிக்கும் தம்பி. "பலகையெல்லாம் ஆடுது."

"ஆடட்டும் லா," என்றேன்.