அடித்துவிட்ட ஒரு வரி

புற ஊதா விளக்கின் அடியில் வைத்ததும், தண்ணீர் போலிருந்த அந்தக் கரைசல் செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது. தொண்ணூறுகளின் கடைசியில், புனேயில் நான் முனைவர் பட்டத்துக்காக உழைத்த ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அதைப் பார்க்க ஓடி வந்தார்கள். யூரோப்பியம் என்ற உலோகத்தை ஒரு கரிம மூலக்கூறு நண்டுக் கொடுக்குபோலக் கவ்வியிருக்கும்வரைதான் அந்த ஒளி. பிடி தளர்ந்து தண்ணீர் உள்ளே புகுந்தால் மங்கிவிடும். இரத்தப் பரிசோதனைக்குப் பயன்பட வேண்டுமானால் கரைசலில் அது பல நாள் தாங்க வேண்டும். நான்காம் நாள் அளந்தபோது ஒளி பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. குறிப்பேட்டில் எழுதினேன், பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். அளந்ததில் ஏதோ பிசகு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுபடி அளக்கவில்லை. கட்டுரையில் ‘கரைசலில் நிலையானது’ என்று எழுதினேன். பட்டம் கிடைத்தது, அங்கேயே வேலையும் கிடைத்தது.

அடுத்த ஆண்டு அந்த ஆய்வைத் தொடர ஒரு பெண் சேர்ந்தாள். கட்கியில் ராணுவத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவள், பூர்வீகம் வேலூர்ப் பக்கம். அங்கே தமிழ் பேச நான் ஒருவன்தான் என்பதால் அண்ணா என்று ஒட்டிக்கொண்டாள். எத்தனை முறை செய்தாலும் அவளுடைய கரைசல் நான்கு நாளில் மங்கியது.

“உங்களுக்கு நல்லா நின்னுச்சே அண்ணா, எனக்கு மட்டும் ஏன் இப்படி ஆவுது?” என்று கேட்டாள்.

“கண்ணாடிச் சாமானை ஆசிட்ல நல்லா கழுவு” என்றேன்.

கழுவினாள். பேராசிரியர் எல்லோர் முன்னிலையிலும் அவள் கையில் சுத்தமில்லை என்றார். நான் தரையைப் பார்த்தபடி நின்றேன். அவளுடைய உதவித்தொகை நீட்டிக்கப்படவில்லை. பட்டம் வாங்காமலே புனேக்கு வெளியே தளேகாவ் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலைக்குத் தரப் பரிசோதனை வேலைக்குப் போனாள்.

ஏழெட்டு வருடம் கழித்து லோணாவளா லோக்கல் ரயிலில் எதிர் இருக்கையில் அவளைப் பார்த்தேன். நலம் விசாரித்து முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

“நாலாம் நாள் எனக்கும் மங்கிடுச்சும்மா. நான்தான் மறைச்சுட்டேன்.”

“தெரியும்ணா. உங்க பழைய நோட்ல பார்த்தேன். அடிச்சிருந்தீங்க, ஆனா எழுத்து தெரிஞ்சுது.”

“சார்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“நீங்களே சொல்வீங்கன்னு ஒரு மாசம் பார்த்தேன். அப்புறம் விட்டுட்டேன்.”

தளேகாவ் வந்தது. போய் வருகிறேன் என்று தலையசைத்துவிட்டு இறங்கினாள்.

அந்த வாரமே என் கட்டுரை வெளியான ஆய்விதழுக்குத் திருத்தம் அனுப்பினேன். சின்ன எழுத்தில் வெளியிட்டார்கள். அதனால் அவளுக்கு ஒன்றும் திரும்பக் கிடைக்கவில்லை. அவள் காத்திருந்த அந்த ஒரு மாதமும் நாங்கள் மதியம் சேர்ந்துதான் சாப்பிட்டிருக்கிறோம். டப்பாவைத் திறந்து எனக்கு ஒரு பங்கு வைத்துவிட்டு என் முகத்தையே பார்ப்பாள். உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்கிறாள் என நினைத்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.