லாட்ஜ் விரிப்புக்கு இரண்டு பேர்

மனநோய் வந்து வீட்டை விட்டுப் போன ஒருவரைப் பார்க்க மைசூருக்குக் கிளம்புகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில், தசராவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது நான் போன பயணம் இது. என் தம்பி முருகேசன் காணாமல் போய் நாலு வருடம் ஆகியிருந்தது. தெருவில் கிடந்தவனை மீட்டு வைத்தியம் பார்த்து, ஒரு வீட்டில் தங்க வைத்திருப்பதாக எதிர்வீட்டு போனுக்குத் தகவல் வந்தது. அம்மா அழுதாள். எனக்கு அழ நேரமில்லை. அவனைக் கையோடு கூட்டி வந்துவிடுவது என்று பையைத் தூக்கினேன்.

சத்தியமங்கலத்தில் காலை ஆறரைக்குப் பஸ். மைசூர் சுமார் நூற்று முப்பது கிலோமீட்டர். திம்பம் மலையின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளும் அதில் சேர்த்தி. தயவுசெய்து வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். முன்சீட்டு அம்மாள் அப்படி ஏறி வாந்தி எடுத்தார், நானும் சேர்ந்து அனுபவித்தேன்.

பதினொன்றரைக்கு இறங்கி ஆட்டோக்காரரிடம் தெருப் பெயரைச் சொன்னதும், "தமிழாம்மா? உக்காருங்க. அந்த அஞ்சு பேர் வீடுதானே? இந்த நேரத்துல எல்லாரும் கெலசத்துக்குப் போயிருப்பாங்களே" என்றார். கெலசம் என்றால் வேலை. என் தம்பிக்கு வேலையா? உடம்பு சரியில்லாதவனிடம் வேலை வாங்குகிறார்களே என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

சின்ன ஓட்டு வீடு. ஐந்து ஆண்கள் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டு வாழ்கிறார்கள். அவர்களைக் கவனித்துக்கொள்ளும் கமலம்மா கதவைத் திறந்தார். உள்ளே கட்டிலில் ஒருவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"இவரு நஞ்சுண்டன். முருகேசனோட ஜோடி" என்றார் கமலம்மா. "லாட்ஜ்ல ஒரு வேலைய நாங்க ரெண்டு பேருக்குக் கேட்டு வாங்கினோம்மா. ஒருத்தருக்கு மனசு சரியில்லாத அன்னைக்கு இன்னொருத்தர் பாத்துப்பாரு. வேலை நிக்காது, யாரையும் நிப்பாட்டவும் மாட்டாங்க."

"முருகேசன் ஊருக்கு வந்துட்டா?"

அவர் கட்டிலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "வேற ஜோடி அமையற வரைக்கும் இவருக்கும் வேலை இருக்காதும்மா."

அது என் கவலை இல்லை என்று நினைத்துக்கொண்டே லாட்ஜுக்கு நடந்தேன். இரண்டு தெரு தள்ளித்தான்.

மொட்டைமாடியில் வெள்ளை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. முருகேசன் ஒரு பெரிய விரிப்பைத் தனியாக மடிக்கப் போராடிக்கொண்டிருந்தான். ஒரு முனையைத் தாடையில் இடுக்கினால் மறுமுனை தரையில் புரண்டது. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தான். என்னைப் பார்த்து, "அக்கா, வந்துட்டயா?" என்றான், நேற்றுத்தான் பார்த்தவன் போல.

"அந்தத் தலைப்பப் புடிக்கா. ரெண்டு பேரு வேணும் இதுக்கு."

பிடித்தேன். நான் நாலாக மடித்தால் அவன் மூன்றாக மடித்தான். "லாட்ஜ்ல இப்படித்தான்" என்று சிரித்தான். ஐந்தாறு விரிப்பு ஆனதும் சொன்னேன்: "ரெண்டு மணிக்குப் பஸ்சு. கெளம்பு கண்ணு, ஊட்டுக்குப் போலாம்."

"அங்க வந்து நான் என்ன பண்றதுக்கா?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். சும்மா இரு. நாங்க சோறு போடறோம்."

அவன் கையிலிருந்த விரிப்பை மடித்து, அடுக்கின்மேல் வைத்துத் தட்டினான்.

"பஸ் ஸ்டாண்டுல மூணு வருஷம் சும்மாதான்க்கா இருந்தேன்."

அடுத்த விரிப்பின் முனையை எடுத்து நீட்டினான். வாங்கிக்கொண்டேன். அழ வேண்டியதை விரிப்புக்குப் பின்னால் அழுது முடித்தேன்.

இரண்டு மணி பஸ்ஸை விட்டுவிட்டு நாலு மணி பஸ்ஸில் தனியாகத் திரும்பினேன். ஏற்றிவிட வந்தவன் கையில் நான் கொண்டுபோன முறுக்கைக் கொடுத்தேன். அங்கேயே பாதியை நஞ்சுண்டனுக்கென்று தனியாக முடிந்துகொண்டான்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தசரா சமயத்தில் மைசூரில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு, முன்பே சொல்லி வையுங்கள். உங்கள் ஆள் வேலைக்குப் போகிறார் என்றால் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள். மாத்திரை பற்றிய கேள்விகளை வீட்டைக் கவனிப்பவரிடம் தனியாகக் கேளுங்கள். முக்கியமாக, கூட்டிப்போக வந்தேன் என்று ஆரம்பிக்காதீர்கள். என்ன வேலை பார்க்கிறாய் என்று கேளுங்கள். எனக்கு அது தோன்றவில்லை.

தீபாவளிக்கு லீவு சொல்லிவிட்டு முருகேசன் தனியாகவே பஸ் ஏறி வந்தான். அம்மா பலகாரம் சுட்டுச் சுட்டுத் தட்டில் போட்டாள். புறப்படும் நாள் காலையில், "இன்னும் நாலு நாள் இருந்துட்டுப் போயேன் சாமி" என்று அவன் பையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் அம்மாவின் கையை மெதுவாக விலக்கினான்.

"முடியாதும்மா. அங்க நஞ்சுண்டன் ஒத்தையில மடிச்சுட்டிருப்பான்."