அக்கா போட்ட ஐரோப்பா டூட்டி

என் அக்காவிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் அது முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சந்தோஷத்தைக் கொடுத்துப் பாருங்கள், அதை நாலு பேருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு வெறும் கையோடு நிற்பாள். இந்தக் குணத்தைப் பார்த்து ஊரே அவளைப் புகழும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், ஆண்கள் ஆபரேஷன் வார்டுக்கு அவள் இன்சார்ஜ் நர்ஸ். வாராவாரம் டூட்டி சார்ட் போடுவது அவள் பொறுப்பு. யாருக்குக் காலை, யாருக்கு மாலை, யாருக்கு இரவு, யாருக்கு ஆஃப் என்று கட்டம் கட்டமாக எழுதி, நர்ஸ்கள் அறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டுவாள். ஒட்டிய நிமிஷத்திலிருந்து ஒருத்தி அழுவாள், ஒருத்தி முறைப்பாள், ஒருத்தியின் மாமனாருக்கு உடம்பு சரியில்லாமல் போகும். அக்கா எல்லாரையும் சமாளிப்பாள். அந்தச் சார்ட்டில் அவள் பெயர் மட்டும் இருக்காது. இன்சார்ஜ் எப்போதும் இருப்பவள்தானே? சுவரில் இருக்கும் மின்விசிறிக்கு யாராவது டூட்டி எழுதுவார்களா?

டிசம்பர் வந்தால் வார்டில் எல்லாருக்கும் லீவு வேண்டும். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு அக்கா மட்டும் டூட்டியில் நின்றுவிடுவாள். கிறிஸ்துமஸுக்கு வார்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் மரத்தை நிறுத்தி, கட்டுப்போடும் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து அதன் மேல் பனி மாதிரி ஒட்டுவாள். ஸ்டோர்காரர் பஞ்சுக்குக் கணக்குக் கேட்டுக் கத்துவார். "நிஜப் பனியை ஒரு தடவை கையால தொட்டுப் பாக்கணும்டி. கிறிஸ்துமஸ் சமயத்துல, தெருவெல்லாம் விளக்குப் போட்டுக் கடை வெச்சிருப்பாங்களே, அதுக்கு நடுவுல நின்னு" என்று என்னிடம் வருஷா வருஷம் சொல்லுவாள். அவள் தனக்கென்று கேட்டு நான் கேள்விப்பட்ட ஒரே ஆசை அதுதான்.

போன வருஷம் புதிதாக வந்த மேட்ரன், சேர்ந்து கிடக்கும் லீவை எடுக்காவிட்டால் எல்லாம் போய்விடும் என்று அக்காவைக் கூப்பிட்டுக் கண்டித்துவிட்டார். அந்த மேட்ரன் நன்றாக இருக்கட்டும். அன்று சாயங்காலமே நாங்கள் முடிவு செய்துவிட்டோம். கிறிஸ்துமஸுக்கு ஐரோப்பா. மூனிக்கில் இறங்கி, சால்ஸ்பர்க், வியன்னா, புடாபெஸ்ட், கடைசியில் ப்ராக். நாலு நாடுகளும் ரயிலில். போகிறவர்கள் அக்கா, லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர், அவருடைய அம்மா, நான். மாமாவின் அம்மாவை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். எனக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கல்யாணம் குறித்து யாரும் கேட்க வேண்டாம்.

அக்காவுக்குத் திட்டம் போடத் தெரிந்த வழி ஒன்றுதான். சாப்பாட்டு மேஜைக்கு மேலே, சுவர் நீளத்துக்கு ஒரு வெள்ளைத் தாளை ஒட்டினாள். மேலே தேதிகள், பக்கத்தில் ஆட்கள், நடுவில் கட்டங்கள். மாமா ரயிலில் தூங்க மாட்டார் என்பதால் அவருக்கு எல்லா ரயிலிலும் நைட் டூட்டி, அதாவது பெட்டிகளைப் பார்த்துக்கொள்வது. வழி கேட்பதும் கழிப்பறை தேடுவதும் எனக்கு. அத்தைக்கு, தன் மாத்திரையைத் தானே நினைவு வைத்துக்கொள்ளும் டூட்டி. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"வேலை குடுத்துதான் கூட்டிட்டுப் போவியா?" என்றார் அத்தை.

"சும்மா இருந்தா உங்களுக்குப் போரடிக்கும் அத்தை" என்றாள் அக்கா.

கிறிஸ்துமஸ் அன்று அங்கே கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும் என்று படித்ததும் அவளுக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போனது. பண்டிகை நாளில் வார்டுக்கு ஸ்டோர் திறக்காது, முந்தின நாளே இன்டென்ட் என்கிற தேவைச் சீட்டுப் போட்டு மருந்து வாங்கி வைப்பார்கள். அதே மாதிரி இருபத்து நாலாம் தேதி மதியத்துக்குள் ரொட்டி, பால், பழம், தலைவலி மாத்திரை எல்லாம் வாங்கிவிட வேண்டும் என்று சிவப்பு மையில் எழுதினாள். ஒவ்வொரு ஊரிலும் ராத்திரி படுக்கும் முன் ஹேண்டோவர் உண்டு. டூட்டி மாறும்போது நர்ஸ்கள் படுக்கை படுக்கையாக நின்று சொல்லுவார்களே, அதுபோல யாருக்குக் கால் வலி, யார் சரியாகச் சாப்பிடவில்லை, யாருக்கு வயிறு உப்பிக்கொண்டது என்று எல்லாரும் நின்று ஒப்பிக்க வேண்டுமாம்.

"அக்கா, நாம ஊர் சுத்திப் பாக்கப் போறோமா, அட்மிட் ஆகப் போறோமா?" என்று கேட்டேன். காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அதன் பிறகு வீடே அமர்க்களப்பட்டது. கம்பளி உடுப்புகள் வந்ததும் ஒத்திகை வைத்தாள். வியர்த்துக் கொட்டும் மத்தியானத்தில் நாங்கள் எல்லாரும் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் கோட்டு, காதுத் தொப்பி என்று மாட்டிக்கொண்டு பெட்டிகளோடு மாடிப்படி ஏறி இறங்கினோம். எதிர் வீட்டு டிரைவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மூடிக்கொண்டார். அத்தை குளிருக்குப் பழகுகிறேன் என்று ஃப்ரீஸரைத் திறந்துவைத்து அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மாமா, "அம்மா, கரண்ட் பில்லுல நாம ஐரோப்பாவுக்கே ரெண்டு தடவ போயிட்டு வந்துடலாம்" என்றார். அந்த நாட்களில் சிரித்துச் சிரித்து எனக்குத் தாடை வலித்தது உண்மை.

டிக்கெட் போட்டதும் அந்த மேஜையில்தான். நான் சார்ட்டைப் பார்த்துப் பெயர் வாசித்தேன், அக்கா கம்ப்யூட்டரில் அடித்தாள், மாமா பாஸ்போர்ட் எண்ணைச் சொன்னார், அத்தை மேற்பார்வை பார்த்தார். விமானம், ரயில், தங்குமிடம் எல்லாம் ஒரே மூச்சில் முடிந்தது. அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

இரண்டு வாரம் கழித்து, விசாவுக்காகக் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தோம். அத்தை தன் டிக்கெட்டைத் தன் கையில் கொடுத்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தார். அக்கா அச்செடுத்த தாள்களைப் பிரித்துக் கொடுத்தாள். அத்தைக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

"உன்னோடது?" என்றார் அத்தை.

"இதோ" என்று அக்கா மேஜையைத் தடவினாள். அப்புறம் கீழே குனிந்து பார்த்தாள். அப்புறம் சுவரைப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். சார்ட்டில் மாமா, நான், அத்தை என்று மூன்றே மூன்று வரிசை. தாள் முழுக்க அக்காவின் கையெழுத்து, அக்காவின் அம்புக்குறி, அக்காவின் சிவப்பு மை. அவள் இல்லாத இடமே இல்லை என்பதுபோல இருந்ததால், அவளுக்கு ஒரு வரிசை இல்லை என்பது எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. இத்தனை வருஷம் சார்ட் போட்ட கை, பழக்க தோஷத்தில் தன்னை விட்டுவிட்டு எழுதியிருக்கிறது.

மாமா அவசரமாக இன்னொரு டிக்கெட் தேடிப் பார்த்தார். பண்டிகைக் காலம், எங்கள் விமானத்தில் ஒரு இடம்கூட மிச்சமில்லை. அக்கா அசடு வழியச் சிரித்தாள். அப்புறம் அவள் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"பரவால்ல விடுங்க. நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க, எல்லாம்தான் எழுதி வெச்சிருக்கேனே. வார்டுலயும் ரெண்டு பொண்ணுங்க டிசம்பர்ல லீவு கேட்டுட்டு இருக்காங்க. ஒரு வகையில நல்லதுதான்."

எனக்கு வந்ததே கோபம். "நல்லதா? உனக்குன்னு ஒண்ணு வந்தா அதையும் யாருக்காவது தூக்கிக் குடுத்துட்டுதான் உனக்குத் தூக்கமே வரும், இல்ல? நீ இல்லாம நாங்க அங்க போய் யாரோட மூஞ்சியப் பாக்கறது? உன் பஞ்சு மரத்தோட மூஞ்சியவா?" என்று கத்தினேன். கத்தும்போதே அழுகையும் வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தால் கோபம் இரண்டு மடங்காகும்.

அத்தை எழுந்து போய்த் தன் டிக்கெட்டை அக்காவின் மடியில் வைத்தார். "எம்பேர அடிச்சிட்டு உம்பேர எழுதிக்கோ."

"அப்படியெல்லாம் எழுத முடியாது அத்தை."

"அப்ப நானும் போகல. கோட்டத் திருப்பிக் குடுத்துடுங்க."

மாமா அதிகம் பேசாத மனிதர். ஆள் உள்ளே மாட்டிக்கொண்ட லிஃப்டைத் திறக்கிற மாதிரி, சுற்றி யார் கத்தினாலும் நிதானமாகத் தேடிக்கொண்டே இருப்பார். அத்தை கோட்டை மடித்து வைத்துக்கொண்டிருந்தபோது தலை நிமிர்ந்தார். "வேற கம்பெனி விமானம் ஒண்ணு இருக்கு. ஒரே ஒரு சீட்டு. ஆனா நமக்கு முந்தின நாளே மூனிக் போயிடும்."

அக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது. ரத்தத்தைக் கண்டு அஞ்சாதவள், ஒரு நாளைக் கண்டு பயந்தாள். "தனியாவா? ஒரு நாள் முழுக்க? யாருமே இல்லாம அங்க நான் என்னங்க பண்றது?"

"ஒண்ணும் பண்ணாதே" என்றார் அத்தை.

மாமா அந்த டிக்கெட்டைப் போட்டு, ரயிலிலும் தங்குமிடத்திலும் அவளுக்கு இடம் பிடித்துவிட்டார். நான் பேனாவை எடுத்து, சார்ட்டின் கீழே நானே ஒரு வரிசை இழுத்து அக்கா என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். மூனிக்கின் முதல் நாளுக்கு அவள் ஏதாவது டூட்டி எழுதிக்கொள்ளப் பார்த்தாள். முன்னாடியே போய் விடுதியைச் சரிபார்ப்பது, எங்களுக்கு ரயில் சீட்டு வாங்குவது என்று ஆரம்பித்தாள். பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன். கடைசியில் ஒன்றே ஒன்றுக்கு ஒப்புக்கொண்டோம். மறுநாள் மத்தியானம் விமான நிலையத்துக்கு வந்து எங்களை அழைத்துப்போக வேண்டும். அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது.

அக்கா புறப்பட்ட அன்று, உள்ளே போகும் கதவிலிருந்து திரும்பித் திரும்பி வந்து எங்களிடம் அத்தையின் மாத்திரையைப் பற்றிச் சொன்னாள். விமானத்தில் ஏறிய பிறகும் போன் செய்து அடுப்பை அணைத்தோமா என்று கேட்டாள்.

மறுநாள் நாங்கள் மூனிக்கில் இறங்கி, பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது, நான் கண்ணால் தேடியது அக்காவைத்தான். எல்லாருக்கும் முன்னால், தடுப்புக் கயிற்றை ஒட்டி, கையில் தண்ணீர் பாட்டிலோடு நிற்பாள் என்று எனக்குத் தெரியும். அவள் இல்லை. பூச்செண்டு வைத்தவர்கள், குழந்தையைத் தூக்கியவர்கள், பெயர் அட்டை பிடித்தவர்கள் எல்லாரும் அவரவர் ஆளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் மட்டும் நின்றோம். போன் அடித்தால் எடுக்கவில்லை. மாமா வாசலுக்கும் பெட்டிக்குமாக நடந்தார். அத்தை கோட்டைக் கழற்றவும் இல்லை, உட்காரவும் இல்லை. வாழ்க்கையில் எதற்கும் தாமதமாக வராதவள் வரவில்லை என்றால் மனசு நல்லதையா நினைக்கும்? தனியாக அனுப்பிய எங்களையே நான் உள்ளுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது தூரத்தில் ஒருத்தி ஓடி வந்தாள். தொப்பி ஒரு பக்கம் சரிந்திருந்தது, மூக்கு சிவந்திருந்தது, கையில் பாதி காலியான வறுத்த பாதாம் பொட்டலம். பக்கத்தில் வந்த பிறகுதான் அக்கா என்று நம்பினேன்.

"என்னடி ஆச்சு? எங்க போயிட்ட?" பதற்றத்தில் நான் அவளை 'டி' போட்டுவிட்டேன்.

அவளுக்கு மூச்சு வாங்கியது. "காலையில கடைத்தெருவுக்குப் போனேன். சும்மா ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம்னு. விளக்கெல்லாம் பகல்லயே எரியுது. சின்னப் பசங்க நின்னு பாடினாங்க. அப்புறம் பனி பெய்ய ஆரம்பிச்சிடுச்சு. நின்னுட்டே இருந்தேன். ஒரு தெருவுலேர்ந்து இன்னொரு தெருவு, அங்கேர்ந்து இன்னொண்ணு..." குரல் தாழ்ந்தது. தப்புச் செய்து மாட்டிக்கொண்ட குழந்தை மாதிரி எங்களைப் பார்த்தாள். "உங்க விமானம் எனக்கு ஞாபகத்துலயே இல்ல. சத்தியமா மறந்தே போயிட்டேன்."

"எங்களையா?" என்றார் மாமா.

"ஆமாங்க. சுத்தமா."

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அத்தை அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, "நல்லா மறந்த, போ" என்றார். என்னை யாராவது மறந்தால் லேசில் விடுகிற ஆள் இல்லை நான். அன்று மட்டும், மறக்கப்பட்டதற்காக எனக்கு நெஞ்சு நிறைந்து வழிந்தது.

"வாங்க, வாங்க, பனி நின்னுடறதுக்குள்ள காட்டறேன்" என்று அக்கா கிளம்பிவிட்டாள். பெட்டிகளைத் தொடவில்லை. நாங்கள் வருகிறோமா என்று திரும்பிப் பார்க்கவும் இல்லை. நாங்கள்தான் அத்தையை ஒரு கையிலும் பெட்டிகளை மறு கையிலும் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் ஓட வேண்டியிருந்தது.