நாறுற சாக்ஸபோன் இருந்தா சொல்லுங்க

இன்னிக்கு நான் யார் வீட்டுக்குப் போயிட்டு வந்தேன் தெரியுமா? மூக்கு அக்கா வீட்டுக்கு! வந்ததும் வராததுமா உக்காந்து தட்டுறேன். இதை இப்பவே சொல்லலைன்னா எனக்குத் தூக்கம் வராது.

மூக்கு அக்கா பழைய சாக்ஸபோனைத் தேடி வாங்கி உயிர் கொடுக்குறவங்க. அதுவும் சின்னது இல்ல. தூக்கினா தோள்பட்டை கழண்டு போற பாரிட்டோன், அதுக்கும் அண்ணனான பேஸ்னு அடிக்குரல்ல உறுமுற பெரிய உருப்படி மட்டும்தான். சின்னதைச் சரிபண்ண ஆயிரம் பேர் இருக்காங்க. இந்தப் பெருசைத் தூக்கிட்டுப் போனா கடைக்காரங்க பாதி ஷட்டரை இறக்கிட்டு "ஓனர் வெளியூர்"னு சொல்லிடுவாங்க.

கூத்து என்னன்னா, அக்காவுக்கு அருவருப்பு ரொம்ப ஜாஸ்தி. அடுத்தவங்க குடிச்ச டம்ளரை ரெண்டு விரல் நுனியில தூக்கிட்டுப் போற ரகம். பஸ்ல கம்பியைப் பிடிக்க மாட்டாங்க, விழுந்தாலும் சரின்னு நிப்பாங்க. அப்படிப்பட்டவங்க செய்யற வேலையைப் பாருங்க. எவனெவனோ அறுபது வருஷம் வாய் வெச்சு ஊதி, எச்சில் ஓடிக் காய்ஞ்சு பச்சை புடிச்ச குழாய்க்குள்ள கையை விட்டுத் தேய்க்கணும்!

இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி பதினோரு வருஷம் பல்செட் செய்யற லேப்ல இருந்தாங்க. நெருப்புல ஒட்ட வைக்கறது, மெழுகுல அச்சு எடுக்கறது, அரம் போடறது எல்லாம் அங்க கத்துக்கிட்டதுதான். "அடுத்தவன் வாயில இருந்து தப்பிச்சாப் போதும்டா சாமின்னு ஓடி வந்தேன். ஓடி வந்து மறுபடி வாயிலயே விழுந்தேன்"னு தலையில அடிச்சுக்கிறாங்க. ஆனா ஒண்ணு. அந்தப் பெரிய குழாயோட கடைசி அடி ஸ்வரம் சுத்தமா வந்தா, வயித்துல இருக்குற குமட்டல் அப்படியே அடங்கிடுமாம். அதுக்காகத்தான் இந்தப் பாடு.

பின்பக்க அறைதான் பட்டறை. ரெண்டு ஜன்னலும் எப்பவும் திறந்தே கிடக்கும். சுவர்ல ஏதோ ஒரு பெரிய சமையல்கட்டுல இருந்து கழட்டிட்டு வந்த காத்தாடி, விமானம் மாதிரி சத்தம் போட்டு உள்ள இருக்குற வாடையை இழுத்து வெளிய தள்ளும். முழங்கை வரைக்கும் உறை, முகத்துக்கு ரெண்டு மாஸ்க்.

வாங்கப் போற இடத்துல மட்டும் மாஸ்க்கைக் கழட்டிடுவாங்க. குழாயோட விரிஞ்ச வாய்க்குள்ள மூக்கை விட்டு ஒரே இழுப்பு. ஈரத்துணி நாத்தம்னா ஓட்டையை மூடுற தோல் பேடு அழுகியிருக்கு. எலி நாத்தம்னா கூடு. புளிச்ச எச்சில்னா யாரோ சமீபம் வரைக்கும் ஊதியிருக்காங்க, குழாய் உயிரோடதான் இருக்கு. எவ்வளவு குமட்டுதோ அவ்வளவு வேலை இருக்குன்னு கணக்கு. அந்தப் பேரும் இப்படி வந்ததுதான்.

அந்த மூக்கு ஒரு தடவை காலை வாரி விட்டுச்சு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒருநாள் அக்காவோட கொழுந்தன் ஒரு போர்வை மூட்டையோட வந்து நின்னாரு. அவர் பஸ் டிரைவர். டெப்போ பேண்டுல ஒன்பது வருஷமா பாரிட்டோன் ஊதுறவர்.

"அண்ணி, கொஞ்சம் நசுங்கியிருக்கு."

அக்கா போர்வையைப் பிரிச்சாங்க. "கொஞ்சமா? இதைக் கவர்ல போட்டுத் தபால்ல அனுப்பலாம்டா தம்பி. என்ன ஆச்சு?"

"பஸ் ஏறிடுச்சு."

"பஸ் தானாவா ஏறுச்சு? எந்தக் கண்ணு தெரியாத கபோதி ஓட்டினான்?"

கொழுந்தன் சுவர்ல சுத்துற காத்தாடியைப் பாத்தாரு. அப்புறம் தன்னோட செருப்பைப் பாத்தாரு.

"அடப்பாவி. நீயேவா?"

"பின் டயர்ல சாத்தி வெச்சிருந்தேன் அண்ணி. டீ குடிச்சிட்டு வந்து ரிவர்ஸ் எடுத்தேன். மறந்துட்டேன்."

சிரிச்சு முடிச்ச அப்புறம்தான் மிச்சத்தைச் சொன்னாரு. அன்னியில இருந்து பன்னெண்டாம் நாள் டெப்போக்களுக்குள்ள பேண்டு போட்டி. மாஸ்டர் கறாரா சொல்லிட்டாராம்: அதுக்குள்ள குழாயோட வந்தா வா, இல்லைன்னா அடிக்குரலைக் கீபோர்டுல ஒரு பட்டனை அமுக்கி எடுத்துக்கறேன், அதுக்கப்புறம் உனக்கு இங்க நாற்காலி கிடையாது. சொல்லிக்கிட்டே அந்த மனுஷன் போர்வை முனையில கண்ணைத் துடைச்சாரு. நாள் முழுக்க ஹாரன் அடிச்சு, சில்லறைக்குச் சண்டை கேட்டு, ஒரு வார்த்தை நல்லதாக் கேக்காத மனுஷனுக்கு அந்த ஒரு நாற்காலிதான் உலகம்.

"நான் பாத்துக்கறேன். மூக்கைச் சிந்து முதல்ல, அசிங்கமா இருக்கு"ன்னாங்க அக்கா.

நசுங்கினதை நிமிர்த்த முடியாதுன்னு, வேற ஒண்ணு தேடி மறுநாளே ஒரு கடைக்குப் போனாங்க. கண்ணாடிக் கதவு, வெள்ளை விளக்கு, ஜிலுஜிலுன்னு ஏசி. நடுவுல ஒரு பழைய பாரிட்டோன், தங்கத்துல வார்த்த மாதிரி மின்னுது. அக்கா மூக்கை விட்டு இழுத்தாங்க. ஒண்ணுமே இல்ல! எச்சில் இல்ல, எலி இல்ல, பாசி இல்ல. வாழ்க்கையில முதல் தடவையா ஒரு சாக்ஸபோனை மோந்து பாத்து வயிறு புரட்டலை. அக்காவுக்குச் சிரிப்பே வந்துடுச்சு. அங்கேயே வாங்கிட்டாங்க. "இதுல முகம் பாத்துத் தலை வாரலாம் அண்ணி"ன்னு கொழுந்தன் குதிச்சாரு.

மூணாம் நாள் பேடு மாத்த உக்காந்தாங்க. அரக்கு வெச்சு ஒட்ட வேண்டிய இடத்துல எல்லாம் செருப்புக்கு ஒட்டுற பசை, சளி மாதிரி நூல் நூலா இழுத்துக்கிட்டு வருது. சீ! அதைச் சுரண்டிட்டு, கீழ வளையுற பாகத்தை அழுத்திப் பிடிச்சாங்க. கட்டைவிரல் உள்ள போயிடுச்சு. பித்தளைக்குள்ள! அரத்தால லேசா ஒரு கோடு போட்டாங்க. மஞ்சளா இருக்க வேண்டிய இடம் சிவப்பா, சொரி புடிச்ச தோல் மாதிரி இருக்கு.

ஆசிட்ல முக்கியிருக்கானுங்க. பித்தளைங்கறது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. அந்த ஆசிட் துத்தநாகத்தைத் தின்னுட்டு, செம்பைப் பஞ்சு மாதிரி விட்டு வெச்சிருக்கு. மேல கார் பட்டி வெச்சுப் பள்ளத்தை அடைச்சு, மெஷின்ல தேய் தேய்னு தேய்ச்சு, தங்கக் கலர் அடிச்சிருக்கானுங்க. எழுபது வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் குனிஞ்சு உக்காந்து கையால செதுக்கின கொடியும் பூவும் இருந்த இடம் வழவழன்னு மொட்டையா இருக்கு. அக்கா வாயைப் பொத்திக்கிட்டு வாசலுக்கு ஓடினாங்க.

"எலி கூட தன் குட்டிக்காகத்தான் கூடு கட்டுது. இவனுங்க என்ன பொறப்பு?"

கடைக்காரருக்குப் போன் போட்டாங்க.

"மேடம், பளபளன்னு கேட்டீங்க, குடுத்தேன்."

"நான் எப்பய்யா பளபளன்னு கேட்டேன்?"

"மோந்து பாத்துச் சிரிச்சீங்களே மேடம். அப்பவே உங்களுக்குப் புடிச்சிருச்சுன்னு புரிஞ்சுக்கிட்டேன்."

அக்கா போனை வெச்சுட்டாங்க. நாத்தத்தை வெச்சே எல்லாத்தையும் கண்டுபுடிக்கிறவங்க, நாத்தமே இல்லாததை எப்படிய்யா விட்டுட்டாங்க? கடைக்காரர் மேல வந்த குமட்டல் அப்படியே திரும்பித் தன் மேலயே வந்துச்சுன்னு சொன்னாங்க. அதைச் சொல்லும்போது என்னைப் பாக்கலை.

கொழுந்தன் கெஞ்சினாரு. "உள்ள கொஞ்சம் பட்டி அடிச்சு, மேல ஒரு கோட் குடுத்தா ஒரே ஒரு நாள் தாங்காதா அண்ணி?"

"தாங்கும். அடுத்த நாள் அதை எவன் தலையிலயாவது கட்டணும். அவன் இன்னொரு கோட் அடிப்பான். என் கையால அது நடக்காது."

விரலால அமுக்குற சாவி, கம்பி, ஸ்பிரிங்னு உருப்படியானதை மட்டும் கழட்டி டப்பாவுல போட்டாங்க. மிச்சத்தைக் காலால மூலைக்குத் தள்ளினாங்க. அப்புறம் பழைய சாமான் விக்கிறவங்களுக்கு ஒருத்தர் விடாம போன் போட்டாங்க. "பளபளன்னு இருந்தா வேண்டாம். நாறுறது இருக்கா? எவ்வளவு நாறினாலும் பரவாயில்ல."

பாதிப் பேர் ராங் நம்பர்னு வெச்சுட்டாங்க. ஆறாவதா பேசின அம்மா மட்டும், "ஒண்ணு கெடக்கு. குப்பை வண்டிக்காரரே தொட மாட்டேன்னுட்டாரு"ன்னாங்க.

அந்தம்மா வீட்டுக்குப் பின்னாடி தகரக் கொட்டகை. பெட்டியைத் திறந்தாங்க. உள்ள இருந்த வெல்வெட் துணி சாம்பல் கலர்ல பூஞ்சை பூத்து, மயிர் முளைச்ச மாதிரி இருக்கு. ஓரம் பூரா கரப்பான் முட்டை. விரிஞ்ச வாய்க்குள்ள இசைக் காகிதத்தைக் கடிச்சுக் குதறிக் கட்டின எலிக்கூடு. கூட்டுக்குள்ள செத்துக் காய்ஞ்சு தட்டையா ஒட்டிக்கிட்டு, கூட்டோட சொந்தக்காரர். கொழுந்தன் "ஐயோ"ன்னு ரோட்டுக்கே போயிட்டாரு. அக்கா சாக்கடை ஓரம் போய் ரெண்டு தடவை வாந்தி எடுத்தாங்க. வாயைக் கொப்புளிச்சாங்க. திரும்பி வந்து, மாஸ்க்கைக் கழட்டி, மறுபடி மூக்கை விட்டாங்க.

"எச்சில். எலி. பூஞ்சை." கண்ணுல தண்ணி கொட்டுது. இந்தத் தடவை மூக்கோட நிறுத்தலை. நகத்தால சுரண்டி மஞ்சளா இருக்கான்னு பாத்தாங்க, வளைவை அமுக்கிப் பாத்தாங்க, விரலால சுண்டிக் காதை வெச்சாங்க. கணீர்னுச்சு. "எந்த நாயும் கை வெக்கலை. எடுத்துக்கறேன்மா."

"நிஜமாவா அண்ணி?"

"பஸ் ஏத்தினவன் நீதானே? எலியை நீ எடு."

அஞ்சு நாள். வெந்நீர், சோப்பு, பிரஷ், மறுபடி வெந்நீர். வடிஞ்சு வந்த தண்ணி ஒருநாள் கறுப்பு, ஒருநாள் பச்சை, ஒருநாள் அது என்ன கலர்னு சொல்ல அக்கா மறுத்துட்டாங்க. சோறு இறங்கலையாம் அஞ்சு நாளும். கொழுந்தன் ஷிப்ட் முடிச்சு நேரா வந்து உக்காந்து கம்பியெல்லாம் துடைச்சாரு. அழுக்கு போகப் போக உள்ள இருந்து செதுக்கின கொடி ஒண்ணு நெளிஞ்சு நெளிஞ்சு வந்துச்சு, ஒரு இலை கூடக் குறையாம. கறை போகலை. அக்கா அதைத் தேய்க்கவும் இல்ல.

பதினோராம் நாள் சாயந்தரம் ஜன்னலை மூடி, குழாய்க்குள்ள சின்ன விளக்கை இறக்கினாங்க. எங்க வெளிச்சம் கசியுதோ அங்க காத்தும் கசியும். ஒவ்வொரு பேடா சூடு காட்டி உக்கார வெச்சு, கடைசிக் கீத்து வெளிச்சமும் அணைஞ்சதும், "ஊது"ன்னாங்க.

ஊதினாரு. முதல்ல சத்தம் வரலை. காய்ஞ்ச கரப்பான் கால் மூணு பறந்து வந்து அக்கா மடியில விழுந்துச்சு. "ஐயையோ!"ன்னு போட்ட கூச்சல்ல பக்கத்து வீட்டு நாய் குரைச்சுது. "நிறுத்தாத! கீழ போ, இன்னும் கீழ போ!"ன்னு அதுக்கு நடுவுலயே கத்தினாங்க. போனாரு. கடைசி ஸ்வரம். மேஜையில இருந்த ஸ்க்ரூ எல்லாம் நடுங்குச்சு. அக்கா மடியைத் தட்டக்கூட மறந்துட்டாங்க.

மறுநாள் போட்டி நடக்குற இடத்துல மாஸ்டர் பாத்த உடனே முகத்தைச் சுளிச்சாரு. "இது என்னய்யா, குப்பையில எடுத்ததா?"

"ஆமா சார்"னாரு கொழுந்தன்.

டிரம்பெட்காரங்க ரெண்டு பேரும் சத்தமில்லாம நாற்காலியை நகர்த்திக்கிட்டாங்க. ஆனா முதல் பாட்டுலயே அடிக்குரல் தரையில இருந்து எழும்பி வந்தப்போ, கீபோர்டுக்காரர் தானாவே கையை எடுத்துட்டாராம். மாஸ்டர் ஒரு வார்த்தை பாராட்டலை. "நாளையில இருந்து கடைசி வரிசையில, ஜன்னல் பக்கமா உக்காரு"ன்னு மட்டும் சொன்னாரு. நாலு டெப்போவுல மூணாவது இடம். கொழுந்தனுக்கு அதெல்லாம் காதுலயே விழலை. நாளையில இருந்துன்னு சொன்னாரே, அது போதும்.

உங்க வீட்டுப் பரண்லயோ, பேண்டு ரூம் மூலையிலயோ இப்படி ஒரு பெரிய குழாய் கிடந்தா, கும்பிட்டுக் கேக்கறேன், பாலிஷ் போடாதீங்க, ஆசிட் பக்கமே போகாதீங்க. அழுக்கோட, நாத்தத்தோட அப்படியே மூக்கு அக்காகிட்ட தூக்கிட்டுப் போங்க. பின்பக்கக் கதவைத் தட்டுங்க, உள்ள போறதுக்கு முன்னாடி தண்ணிக் குழாயடியில கையைக் கழுவிடுங்க, இல்லைன்னா திட்டு விழும். இதை ஊதுறவங்க, ஊதினவங்க, பழைய சாமான் விக்கிறவங்க எல்லாருக்கும் அனுப்பி விடுங்க. ஒரு குழாயாவது ஆசிட் தொட்டிக்குப் போகாம பொழைக்கட்டும்.